பிரச்சினையைத் தொடாதீர்கள்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது எது என்று கேட்டால் சிலர் சக்கரம் என்பார்கள், சிலர் நெருப்பு என்பார்கள். பாவம், அவர்கள் 'நன்மைத்தான்' பார்த்ததில்லை. சக்கரம் உருண்டதோடு சரி. நெருப்பு சுட்டதோடு சரி. நன்மைத்தான் ஒன்றுதான் இரண்டே நாளில், காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை, நடுவில் இரண்டு தேநீர் இடைவேளையும் விட்டு, உலகத்தைத் திருத்தி முடித்து, திருத்தியவர்களுக்குச் சான்றிதழும் கொடுத்து அனுப்புகிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹேக்கத்தான் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கணினி தெரிந்த இளைஞர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, குறித்த நேரத்துக்குள் ஓர் இணையதளமோ செயலியோ செய்து காட்டும் போட்டி. அதையே சமூக நன்மைக்காகச் செய்தால் நன்மைத்தான். நாலு நாலு பேராகப் பதினைந்து அணி, அறுபது மடிக்கணினி, ஒரு பிரச்சினை. எந்தத் துன்பமும் இணையதளமாகிவிட்டால், அதற்குமேல் துன்பமாக இருக்க அதற்கே வெட்கமாகப் போய்விடும் என்பது இதன் தத்துவம்.

இப்பேர்ப்பட்ட போட்டி தொடங்கிய வெள்ளிக்கிழமை காலையில், அதன் மகத்துவம் எதுவும் தெரியாமல், கைப்பையில் இரண்டு தாழ்ப்பாளும் ஒரு திருப்புளியும் போட்டுக்கொண்டு ஒரு பெண் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாள்.

அவளை எல்லாரும் 'போல்ட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கடைத்தெரு முனையில் உள்ள ஹார்டுவேர் கடையில் பதினோரு வருடமாகக் கவுண்டரில் நிற்கிறாள். வந்த ஆள் வாயைத் திறந்து முடிப்பதற்குள், உள்ளே திறக்கும் கதவா வெளியே திறக்கும் கதவா, மரமா இரும்பா என்று இரண்டே கேள்வி கேட்டுச் சரியான தாழ்ப்பாளை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவாள். ஊரில் பாதிப் பேர் நிம்மதியாகத் தூங்குவது அவள் கைராசி என்று முதலாளி மெச்சிக்கொள்வார். லீவு கேட்டால் மட்டும் அவருக்குக் காது மந்தமாகிவிடும்.

ஊருக்கெல்லாம் தாழ்ப்பாள் எடுத்துக் கொடுத்தவளின் மகள் அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்தாள். பெண் பிள்ளைகளுக்கு அங்கே மூன்று கழிப்பறை. ஒன்றில் உடைந்த பெஞ்சுகள் குடியிருந்தன. ஒன்றில் தண்ணீர் வராது. மூன்றாவதில் எல்லாம் இருந்தது, தாழ்ப்பாளைத் தவிர. கதவு வெளிப்பக்கம் திறப்பது. உட்பக்கக் கைப்பிடியும் போய்விட்டதால், இழுத்துப் பிடிக்கவும் வழியில்லை. வெளியே ஒரு தோழி முதுகைக் கொடுத்துக் கதவோடு சாய்ந்து நின்றால்தான் உண்டு. மணி அடித்ததும் தோழி வகுப்புக்கு ஓடிவிடுவாள். கதவு மெதுவாகத் தானே திறந்துகொள்ளும்.

அப்படி ஒரு நாள் திறந்துகொண்டது. எதிரே ஒரு வகுப்பே வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு மகள் பள்ளியில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். காலை ஏழரைக்கு வீட்டில் ஒரு வாய், பிறகு சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். நாலு மாதத்தில் மூன்று தடவை நீர்க்கடுப்பு, மூன்று தடவையும் காய்ச்சல். கடைசித் தடவை டாக்டரம்மா சீட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"மாத்திரை மட்டும் போதாதும்மா. பிள்ளை தண்ணி குடிக்கணும். இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னி வரைக்கும் போயிடும். விளையாட்டு இல்ல."

போல்ட் அக்காவுக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பயம். வீடு வந்து சேர்ந்ததும் கோபம். நாலு அங்குலத் தாழ்ப்பாள் ஒன்று, திருகாணி பத்து. அவள் ஒரு நாளைக்கு இருபது விற்கிறாள்.

தலைமையாசிரியை நல்ல மனுஷிதான். கட்டடப் பிரிவு அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தார். முதல் கடிதத்துக்கு, கதவின் புகைப்படம் இணைக்கப்படவில்லை என்று பதில் வந்தது. புகைப்படத்தோடு இரண்டாவது கடிதம் போனது. இணைத்துள்ள புகைப்படத்தில் தாழ்ப்பாள் தெரியவில்லை என்று பதில் வந்தது. தாழ்ப்பாள் இல்லாததால்தான் தெரியவில்லை என்று பணிவோடு விளக்கி மூன்றாவது கடிதம் போனது. அந்த விளக்கத்தில் அலுவலகம் இன்னமும் ஆழ்ந்திருந்தது.

நானே போட்டுவிடுகிறேன் என்று போல்ட் அக்கா எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தாள்.

"கட்டடம் அவங்களுதும்மா. வெளியாள் ஒரு ஸ்க்ரூ முறுக்கினாலும் எனக்கு மெமோ வந்துடும்" என்பார் தலைமையாசிரியை.

மூன்றாவது காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கும் மனசு கேட்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "வெள்ளிக்கிழமை காலைல வாங்க. நான் அந்தப் பக்கமே பாக்காம இருந்துக்கறேன்."

இத்தனை நல்ல மனசுள்ளவருக்கு ஞாபக சக்தி மட்டும் கொஞ்சம் கம்மி. அந்த வெள்ளிக்கிழமைதான் நன்மைத்தான் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

ஆகவே போல்ட் அக்கா கழிப்பறைப் பக்கம் திரும்பியபோது, கதவுக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாக நாடா கட்டியிருந்தது. நாடாவில் ஓர் அட்டை தொங்கியது: 'பிரச்சினை. தொடாதீர்கள்.' பக்கத்தில் கழுத்தில் அடையாள அட்டையும் காதில் ஒரு கருவியுமாக ஓர் இளைஞர் காவல் நின்றார். போட்டியின் ஒருங்கிணைப்பாளர் அவர்தான். இத்தனை மரியாதையை அந்தக் கதவு தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"மேடம், ஒரு நிமிஷம். நீங்க எந்த டீம்?"

"நான் டீம் இல்ல தம்பி. எட்டாம் வகுப்புப் பிள்ளையோட அம்மா."

"ஓ, ரொம்ப சந்தோஷம். கைல என்ன?"

"போல்ட்."

ஒருங்கிணைப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை. "இத எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"கதவுல போட."

"எந்தக் கதவுல?"

"எந்தக் கதவுல இல்லையோ அந்தக் கதவுலதான்."

"அக்கா" என்றார் அவர். பயத்தில் மேடம் அக்காவாகிவிட்டது. "உள்ள பதினஞ்சு டீம் உக்காந்திருக்கு. அறுபது பேர். எங்கெங்கேருந்தோ இந்த ஒரு பிரச்சினைய நம்பி வந்திருக்காங்க. நீங்க பாட்டுக்கு வந்து இத தீர்த்துட்டுப் போயிட்டா அவங்க கதி என்ன?"

"பிரச்சினை தீர்ந்தா சந்தோஷம்தான படுவாங்க?"

"நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குத் தீர்ந்தா சந்தோஷப்படுவாங்க. இன்னிக்குக் காலைல ஒன்பதே காலுக்குத் தீர்ந்தா போட்டியே ரத்து." அவர் விதிமுறைப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். எட்டாவது விதி தடித்த எழுத்தில் இருந்தது. 'போட்டி முடியும்வரை பிரச்சினை அதன் இயல்பு நிலையில் சிதையாமல் பராமரிக்கப்பட வேண்டும்.'

"அஞ்சு நிமிஷ வேலை தம்பி."

"அதான்கா பயமா இருக்கு."

"சரி, அதுவரைக்கும் பிள்ளைங்க எங்க போவாங்க?"

"ரெண்டு நாளைக்கு இத மூடி வச்சிருக்கோம். நடுவுல யாராவது யூஸ் பண்ணினா டேட்டா மாறிடும்."

"அப்ப நீங்க அறுபது பேரும்?"

"எங்களுக்கு ஸ்டாஃப் ரூம் பக்கத்துல ஏற்பாடு பண்ணியிருக்காங்க. நல்ல வசதி. அங்க தாழ்ப்பாள் மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

அதற்குள் தலைமையாசிரியை வேகவேகமாக வந்து சேர்ந்தார். போல்ட் அக்காவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "மறந்தே போச்சும்மா, மன்னிச்சுக்கங்க. மேலேருந்து உத்தரவு. நான் அந்த ரெண்டாவது லெட்டர்ல ஒரு போட்டோ அனுப்பினேன்ல, அதப் பாத்துட்டுத்தான் இந்தப் பள்ளிக்கூடத்தத் தேர்ந்தெடுத்தாங்களாம். 'பிரச்சினை மிகத் தெளிவாக இருக்கிறது'ன்னு பாராட்டுக் கடிதம் வேற வந்திருக்கு" என்றார். சொல்லும்போது பாதி வெட்கமாகவும் பாதி பெருமையாகவும் இருந்தது அவருக்கு.

"நாளைக்கு ஆறு மணிக்கு மேல உங்க இஷ்டம்" என்று ஒருங்கிணைப்பாளரும் வாக்குக் கொடுத்தார். கொடுத்த கையோடு ஓர் அட்டையை எடுத்து போல்ட் அக்காவின் கழுத்தில் மாட்டிவிட்டார். அதில் 'பயனாளி' என்று அச்சடித்திருந்தது. "உங்கள மாதிரி ஒருத்தரத்தான்கா தேடிட்டிருந்தோம்."

"என்ன பயன் தம்பி? ஒண்ணும் வரலையே."

"வரும். முதல்ல அட்ட. அப்பறம்தான் பயன்."

அவள் அட்டையைக் கழற்றி வீசிவிட்டுப் போயிருப்பாள். ஆனால் கூடத்தின் பின்வரிசையில் மகள் உட்கார்ந்திருந்தாள். நன்மைத்தானுக்குக் கைதட்ட ஆள் வேண்டுமே, எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரையும் இரண்டு நாளும் அங்கே உட்கார்த்தி வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலும் அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார்கள். பாட்டிலில் 'நலமே நம் இலக்கு' என்று எழுதியிருந்தது. முப்பத்தெட்டு பாட்டிலும் முட்ட முட்ட நிறைந்து, மூடி திறக்கப்படாமல், மடிமேல் இருந்தன. மகளை விட்டுவிட்டுப் போக போல்ட் அக்காவுக்கு மனசு வரவில்லை. அவள் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அணிகள் ஒவ்வொன்றாகப் பயனாளியைப் பேட்டி காண வந்தன. வெளியே கொளுத்தும் வெயிலில் தொப்பி வைத்த தடித்த குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு ஓர் இளைஞன் வந்தான். தோழர்கள் அவனை 'ஹூடி' என்று கூப்பிட்டார்கள். நல்ல பிள்ளை. கண்ணைப் பார்த்துப் பேசினான்.

"ஆன்ட்டி, தாழ்ப்பாள் இல்லாதத ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள எவ்வளவு ஃபீல் பண்றீங்க?"

"தாழ்ப்பாள்னா ஒண்ணு இருக்கும், இல்லாட்டி இல்ல. நடுவுல நம்பர் கிடையாதுப்பா."

ஹூடி யோசித்துவிட்டு 'ஐந்து' என்று குறித்துக்கொண்டான்.

"ஒரு போல்ட் போட்டா முடிஞ்சது. என் பைலயே இருக்கு" என்றாள் அவள்.

"அது ஹார்டுவேர் ஆன்ட்டி. நாங்க சாஃப்ட்வேர்" என்றான் அவன், வருத்தத்தோடு.

அன்று மத்தியானத்துக்குள் தீர்வுகள் பெருகிவிட்டன. ஓர் அணி 'காவல் தோழி' என்ற இணையதளத்தை உருவாக்கியது. கதவில் சாய்ந்து நிற்க ஒரு தோழியை முன்பதிவு செய்துகொள்ளலாம்; வேலை முடிந்ததும் அவள் சாய்ந்த விதத்துக்கு நட்சத்திரம் கொடுக்கலாம். இன்னோர் அணி 'காலியா?' என்று ஒன்று செய்தது. உள்ளே போனவர் கைபேசியில் பொத்தானை அழுத்தினால் உலகம் முழுக்க அந்தக் கழிப்பறை சிவப்பாகத் தெரியும். இதன்மூலம் அந்தரங்கம் முழுமையாகப் பாதுகாக்கப்படும் என்று குறிப்பில் எழுதியிருந்தார்கள். மூன்றாவது அணி கதவின் உணர்வுகளைப் புரிந்துகொள்ள ஒரு செயற்கை நுண்ணறிவைப் பழக்கிக்கொண்டிருந்தது. அதற்கு இன்னும் கதவுகள் தேவைப்பட்டதால், எல்லா வகுப்புக் கதவுகளையும் படம் பிடித்தார்கள்.

ஹூடிதான் மகளிடம் பேசினான்.

"பாப்பா, பள்ளிக்கூடத்துல தண்ணியே குடிக்க மாட்டியாமே? எப்படிச் சமாளிக்கிற?"

அவள் சொன்னாள். காலையில் ஒரு வாய். பத்தரைக்கு உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வாள். விளையாட்டுப் பீரியடில் கால் வலி என்று சொல்லி உட்கார்ந்துவிடுவாள், ஓடினால் தாகம் எடுக்கும். மத்தியானச் சாப்பாட்டில் உப்பும் காரமும் உள்ளதை ஒதுக்கிவிடுவாள். மூணு மணிக்கு மேல் ஜன்னல் பக்கம் பார்த்து வீட்டுக்குப் போகிற வழியில் உள்ள கடைகளை ஒவ்வொன்றாக எண்ணுவாள்.

போல்ட் அக்கா இதையெல்லாம் முதல் தடவையாகக் கேட்டாள். தன் வயிற்றில் பிறந்த பிள்ளை இப்படி ஒரு கணக்குப் போட்டு நாளை ஓட்டுகிறது என்று தெரிந்தபோது, அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை.

ஹூடியின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அவன் கண்ணுக்குப் பின்னால் விளக்கெரிவதும் தெரிந்தது. "இவ்வளவு சூப்பரான சிஸ்டத்த இது வரைக்கும் யாருமே டாக்குமென்ட் பண்ணலயே" என்று சொல்லிக்கொண்டே மேசைக்கு ஓடினான்.

இரண்டாம் நாள், சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஒரு விபரீதம் நடந்தது. சாப்பிடப் போகுமுன் அறுபது மடிக்கணினிகளையும் பக்கத்து வகுப்பறையில் அடுக்கினார்கள். அடுக்கி முடித்துக் கதவைச் சாத்தினால், கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஒருங்கிணைப்பாளர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பின்வரிசைக்கு ஓடிவந்தார்.

"அக்கா, உங்ககிட்ட ஒரு போல்ட் இருந்துச்சே."

"ரெண்டு இருக்கு. ஒண்ணு சரிப்படலன்னா இன்னொண்ணு இருக்கட்டும்னு ஆறு இஞ்சும் நாலு இஞ்சும் கொண்டாந்தேன்."

"ஒண்ணு போட்டுக் கொடுங்கக்கா, ப்ளீஸ். லேப்டாப் எல்லாம் திறந்து கிடக்கு."

போல்ட் அக்கா எழுந்திருக்கவில்லை. "எட்டாவது விதி என்னாச்சு தம்பி? தாழ்ப்பாள் இல்லாத கதவு. அறுபது பேரும் உக்காந்து இதுக்கும் ஒரு வெப்சைட் பண்ணலாமே."

"இது பிரச்சினை இல்லக்கா" என்றார் அவர், பொறுமையிழந்து. "இது அவசரம்."

தலைமையாசிரியையும் ஓடிவந்தார். மெமோ வராதா என்று போல்ட் அக்கா கேட்டதற்கு, விலையுயர்ந்த உபகரணங்களின் பாதுகாப்பு என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு தாளை நீட்டினார். மை காய்வதற்குள் போல்ட் அக்கா ஆறு அங்குலத் தாழ்ப்பாளை முறுக்கி முடித்துவிட்டாள். நாலு நிமிஷம். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கதவின் உணர்வுகளை ஆராய்ந்த அணி அதைக் காணொளி எடுத்துக்கொண்டது. மடிக்கணினிகள் பத்திரமாக, மானத்தோடு, உள்ளே இருந்தன.

மாலை நாலு மணிக்கு நிறைவு விழா. தலைமை நடுவர் பெரிய மனிதர். பதினேழு நிறுவனங்களுக்கு ஆலோசகர். எதைக் கேட்டாலும் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். அவர் கண்ணைத் திறந்து முதல் பரிசை அறிவித்தார். 'தாகம் தள்ளி.' ஹூடியின் அணி.

ஹூடி மேடையேறி விளக்கினான். "காலைல எத்தன மணிக்குக் கிளம்பறோம்னு போட்டா போதும். எப்ப குடிக்கலாம், எவ்வளவு குடிக்கலாம்னு செயலி சொல்லிடும். அப்படியும் தாகம் எடுத்தா இந்த பட்டன அழுத்தணும். 'இப்போது வேண்டாமே, கண்மணி'ன்னு அன்பா ஒரு மெசேஜ் வரும். ஏழு நாள் தாக்குப்பிடிச்சா தங்கப் பதக்கம்."

"பள்ளிக்கூடத்துக்குள்ள பிள்ளைங்க போன் கொண்டுவரலாமா?" என்று நடுவர் கேட்டார்.

"கூடாது" என்றார் தலைமையாசிரியை.

"அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்" என்றார் நடுவர். பிறகு சபையைப் பார்த்து உருக்கமாகப் பேசினார். "எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். இந்த அணி மட்டும்தான் மனிதரைப் பார்த்தது. கதவு தேவைப்படாத ஒரு மனிதர். இதைவிடச் செலவு குறைந்த கட்டமைப்பு உலகத்தில் இல்லை."

இந்தச் செயலிக்கு மூலகாரணமான மாணவி மேடைக்கு வரவேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் அழைத்தார். மகள் போனாள். முகம் வெளிறியிருந்தது. நேராக நிற்க முடியாமல் கொஞ்சம் முன்னால் குனிந்து நின்றாள். நடுவர் ஒலிவாங்கியை அவள் வாயருகே கொண்டுபோனார்.

"எவ்வளவு நேரமாம்மா தண்ணி குடிக்கல?"

"காலைலேருந்து சார்."

"நேத்து?"

"நேத்தும்."

கூடம் எழுந்து நின்றது. அறுபது பேரும் நடுவர்களும் விருந்தினர்களும் கைதட்டினார்கள். ஒரு நிமிஷம் முழுதாகத் தட்டினார்கள். சிலர் விசிலடித்தார்கள். மேடையில் பிள்ளை வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவைத் தேடியது.

போல்ட் அக்காவும் எழுந்தாள். கைதட்ட இல்லை. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தாகத்தில் நிற்கிற பிள்ளையைப் பார்த்து ஊரே கைதட்டுகிறதே என்ற ஆத்திரம். ஆறு மணிவரை பொறுக்கலாம் என்றிருந்த எண்ணம் அந்தக் கைதட்டலிலேயே அடித்துக்கொண்டு போய்விட்டது. கழுத்திலிருந்த 'பயனாளி'யைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, பையோடு வெளியே நடந்தாள். தலைமையாசிரியை அவள் போவதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மிகுந்த அக்கறையோடு மேல்கூரையில் எத்தனை மின்விசிறி இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தார்.

நாடா ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அவள் உள்ளே போய்க் கதவின் விளிம்பைப் பிடித்து இழுத்துச் சாத்தினாள். வெளியே திறக்கும் கதவென்பதால் நிலைக்கும் கதவுக்கும் மட்டம் வராது, தாழ்ப்பாளுக்கு அடியில் ஒரு கட்டை கொடுக்க வேண்டும். அந்தக் கட்டையை வீட்டிலேயே அறுத்துத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தாள். ஆணியால் குறி குத்தி, கட்டையை வைத்து, பத்து திருகாணியையும் முறுக்கினாள். கூடத்தில் நன்றியுரை நடந்துகொண்டிருந்தது. நன்றியுரையில் மூன்றாவது புரவலர் பெயர் வந்தபோது அவள் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. தோளைக் கொடுத்து ஒரு இடி இடித்தாள். கதவு அசையவில்லை.

அவள் வெளியே வந்து மகளை அழைத்துவந்து உள்ளே அனுப்பினாள். உள்ளே தாழ் விழுந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பதினோரு வருடமாகக் கடையில் கேட்டிருக்கிறாள், ஒரு நாளும் கண்ணீர் வந்ததில்லை.

சேதி எப்படிப் பரவியது என்று தெரியவில்லை; அதற்கு எந்தச் செயலியும் பயன்படவில்லை. நன்றியுரை முடியுமுன் பின்வரிசையில் ஒரு நாற்காலி காலியானது. பிறகு மூன்று. பிறகு வரிசையே. நன்மைத்தானின் ஆறாவது புரவலருக்கு நன்றி சொல்லப்பட்டபோது கைதட்ட ஆளில்லை. ஒருங்கிணைப்பாளர் வெளியே ஓடிவந்து பார்த்தார். கழிப்பறை வாசலில் முப்பத்தேழு பிள்ளைகள் வரிசையாக நின்று, முன்னால் இருப்பவளை அவசரப்படுத்திக்கொண்டே பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னக்கா பண்ணிட்டீங்க" என்று அவர் நாடாவின் கிழிந்த முனையைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் குரலில் உண்மையான துக்கம் இருந்தது. "இன்னும் ஒண்ணே கால் மணி நேரம் தாங்கியிருக்குமே."

மறுவாரம் வெளியான நன்மைத்தானின் அதிகாரப்பூர்வ அறிக்கை மிகச் சிறந்த ஆவணம். போட்டி மகத்தான வெற்றி என்றும், பதினைந்து தீர்வுகள் கிடைத்தன என்றும், நிறைவு விழாவின்போது 'அடையாளம் தெரிந்த நபர் ஒருவரால்' பிரச்சினைக்குச் சேதம் விளைவிக்கப்பட்டது என்றும் அதில் கண்டிருந்தது. 'தாகம் தள்ளி' அடுத்த சுற்றுக்குத் தேர்வாகியிருந்தது. அடுத்த சுற்றில் நடுவர்கள் பிரச்சினையை நேரில் வந்து பார்ப்பார்கள். எனவே, பிரச்சினையை அதன் முந்தைய நிலைக்கு மீட்டமைத்துத் தருமாறு கட்டடப் பிரிவு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போனது.

இங்கேதான் நன்மைத்தானின் உண்மையான சாதனையைச் சொல்ல வேண்டும். நாலு மாதமாக அசையாத அந்த அலுவலகம் அசைந்தது. புகைப்படம் கேட்கவில்லை. விளக்கம் கேட்கவில்லை. கடிதம் போன மறுநாள் காலை பத்து மணிக்கு, அலுவலக முத்திரையிட்ட உத்தரவோடும் பெட்டி நிறையக் கருவிகளோடும் ஒரு தச்சர் பள்ளிக்கூடத்தில் வந்து இறங்கினார், தாழ்ப்பாளைக் கழற்ற.

தலைமையாசிரியை கடைக்குப் போன் செய்தார். போல்ட் அக்கா முதலாளியிடம் லீவு கேட்காமலே ஓடிவந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது தச்சர் கதவுக்கு முன்னால் திருப்புளியோடு நின்றிருந்தார். அவருக்கும் முன்னால் பெண் பிள்ளைகளின் வரிசை, மைதானத்தின் பாதிவரை. எட்டாம் வகுப்பு மட்டுமில்லை, ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு எல்லாம் வந்திருந்தது. தச்சர் கதவைத் தட்டினார்.

"உள்ள ஆளிருக்கு" என்றது ஒரு குரல்.

கதவு திறந்தது. ஒருத்தி வந்தாள், அடுத்தவள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள், தாழ் விழுந்தது. தச்சர் மறுபடி தட்டினார். வேறொரு குரல் அதையே சொன்னது. இப்படி ஆறு தடவை ஆயிற்று. அவர் உத்தரவைப் பிரித்து இதற்கு ஏதாவது வழி சொல்லியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு போல்ட் அக்கா பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இதுங்க எப்ப முடிக்கும்?"

போல்ட் அக்கா பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு பெஞ்சை இழுத்து வந்து அவருக்குப் போட்டாள்.

"உக்காருங்கண்ணே. நாலு மாசமா அடக்கி வச்சிருக்குதுங்க. நேரமாகும்."